சப்மெர்சிபிள் தொப்பி

எண்ணூறு அடி ஆழத்தில், போர்வெல்லுக்குள், ராத்திரி பகலாகத் தண்ணீரிலேயே கிடந்து ஓடும் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர் புவனா. அப்படிப்பட்டவர் காமராஜர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவதற்குள் தலை தொப்பலாக நனைந்து வந்து நின்றால் நாங்கள் சும்மா இருப்போமா?

"கம்பிக்குள்ள ஒரு சொட்டு ஏற விடமாட்டீங்க. மண்டைக்குள்ள மட்டும் ஏனுங்க டேமையே தொறந்து விடறீங்க?" என்று மழைக்காலம் வந்தால் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்பவர்களில் முதல் ஆள் நான்தான்.

நான் பீர் முகம்மது. பீளமேட்டின் பின்பக்கத்தில் பம்ப் மோட்டார் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் என் ஜன்னலுக்கு வந்துதான் கை நீட்ட வேண்டும். முதலாளி செங்கோட்டையனே வந்தாலும் "எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். அதனால் எனக்குத் திமிர் ஜாஸ்தி என்று ஒரு பெயர் உண்டு. அது உண்மைதான்.

புவனாவுக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்தது சத்தியமங்கலம் பக்கம், வாழைத்தோட்டக்காரர் வீட்டில். இருபத்தைந்தில் கல்யாணம் ஆகிச் சிங்காநல்லூருக்கு வந்தார். மகள் நந்திதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் "ஊட்டுல உக்காந்து சுவத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு" என்று சொல்லிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தவர், பிறகு போகவில்லை. இந்த வேலையில் மெஷின் கிடையாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை, ஸ்டேட்டர் என்கிற இரும்பு உருளையின் காடிக்குள் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்து, ஒவ்வொரு சுற்றாகக் கையால் எண்ண வேண்டும். உறையில் நகம் பட்டாலும் போச்சு, எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் போச்சு. எண்ணும்போது யாராவது பேசினால் புவனா ஒரு விரலை மட்டும் தூக்குவார். விரல் இறங்கும் வரை முதலாளியும் நின்றுகொண்டிருப்பார். பதினாறு வருடத்தில் அவர் சுற்றிய மோட்டார் கருகித் திரும்பி வந்ததாக என் ஸ்டோரில் ஒரு சீட்டுக்கூட இல்லை.

சைக்கிள் கற்றுக்கொண்டது நாற்பதாவது வயதில். பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் காலி சைட்டுக்குப் போனாராம். சாயங்காலம் முழங்கையில் ரத்தத்தோடும் முகத்தில் சிரிப்போடும் வந்தாராம். பிறகு ஒரு பச்சை நிற லேடீஸ் சைக்கிள் வாங்கினார். அதற்குப் பெடலில் கிரீஸ் வைக்க என் ஸ்டோருக்கு வரும்போது மட்டும் நான் "எதுக்குங்க?" என்று கேட்டதில்லை.

"அந்த இருவத்தஞ்சு நிமிசந்தான் பாய், என்னைய யாரும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க" என்று ஒருமுறை சொன்னார். சும்மா சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அதை வைத்துத்தான் இவ்வளவு ரகளையும் நடந்தது.

மழைதான் எதிரி. அதுவும் ஐப்பசி மழை. குடை பிடித்தால் ஒரு கையால் ஹேண்டில்பாரைச் சமாளிக்க முடியாது. ஜவுளிக்கடைக் கவரைத் தலையில் மாட்டிப் பார்த்தார். பாலக்காட்டுக் காற்றில் அது பிய்த்துக்கொண்டு போய் ஹோப்ஸ் சிக்னலில் நின்ற போலீஸ்காரர் முகத்தில் அப்பிக்கொண்டது. ரெயின்கோட்டின் தொப்பியில் வேறொரு கஷ்டம். தலையைத் திருப்பினால் உள்ளே தலை மட்டும் திரும்பும், தொப்பி நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் பஸ் வருகிறதா என்று பார்க்கத் திரும்பியவர், கோட்டின் உள் தையலைப் பார்த்துக்கொண்டே ஒரு இளநீர் வண்டியில் போய் மோதினார். கடைசியில் எதுவும் வேண்டாமென்று நனைந்துகொண்டே வருவார். தலையில் நீர் கோத்துக்கொள்ளும். மூக்கு அடைக்கும். போன வருடம் பதினோரு நாள் லீவு.

அந்தப் பதினோரு நாளை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய வீட்டுக்காரர் கிருபாசங்கர். அன்னூர்ப் பக்கம் தோட்டத்தை விற்றுவிட்டு, சிங்காநல்லூரில் ஒரு குடோனைக் கட்டி வாடகைக்கு விட்டவர். வாடகை தானாக வரும். அவர் வேலை, பேப்பர் படிப்பது. தங்கமான மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. போன தீபாவளிக்கு ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். புவனாவைக் காலையில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மூன்று வாரம் நடந்தது. காலையில் ஒவ்வொரு சிக்னலிலும் அரசியல் பேசினார். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும் என்றால் நாலேமுக்காலுக்கே வந்து கேட்டில் நின்று ஹார்ன் அடித்தார். எலக்ட்ரிக் வண்டிக்குச் சத்தம் கிடையாது என்கிறார்கள், ஹார்னுக்கு உண்டு. நாலாவது வாரம் புவனா பச்சை சைக்கிளை எடுத்துவிட்டார்.

இந்த வருடம் ஆயுத பூசையன்று விஷயம் முற்றியது. எங்கள் பட்டறையில் அன்றைக்குக் குடும்பத்தோடு வருவார்கள். லேத், டிரில்லிங் மெஷின், டெஸ்டிங் தொட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. வண்டிகளையும் கழுவி வரிசையாக நிறுத்திப் பொட்டு வைப்பார்கள். கிருபாசங்கர் தன் ஸ்கூட்டருக்கு மாலையே போட்டிருந்தார். சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தவர் பச்சை சைக்கிளிடம் வந்ததும் நின்றார். தாண்டிப் போய்விட்டார்.

"ஏனுங்க, என்ற வண்டிக்கு?" என்றார் புவனா.

"எதுக்கு? இன்னும் ரெண்டு மழைக்குத்தான் அது. நீ சளியப் புடிச்சுட்டுப் படுப்ப. நான் அதை எடைக்குப் போட்டுப்போடுவேன்."

"நான் சளி புடிச்சுப் படுத்தாத்தானுங்க?"

"ஒம்பது வருசமாப் படுத்துட்டுத்தான இருக்கற?"

பொரிகடலை தின்றுகொண்டிருந்த எல்லோரும் வாயை நிறுத்தினோம். இஞ்சினியரிங் படிக்கும் நந்திதா உடனே போனை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்குச் சண்டை என்றால் சினிமா மாதிரி.

"அப்பா, அம்மா, ரெண்டு பேரும் கேளுங்க. குரூப்புல டைப் பண்றேன். இன்னைக்கிருந்து கார்த்திகை தீபம் வரைக்கும். அம்மா அடுத்தடுத்து மூணு தும்மல் போட்டா சளின்னு அர்த்தம். சைக்கிள் போயிரும், அம்மா ஸ்கூட்டர் பின்னாடி உக்காரணும். போடலைன்னா, அப்பா சைக்கிளைப் பத்தி இந்த ஜென்மத்துல வாயைத் தொறக்கக் கூடாது. ஓகேவா?"

"சரி" என்றார் கிருபாசங்கர்.

"சரிங்க" என்றார் புவனா. சொல்லும்போது அவர் கை சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு வருடம்கூட அவர் தும்மாமல் ஐப்பசியைத் தாண்டியதில்லை.

வெளியே வந்ததும் கிருபாசங்கர் என் தோளில் கை போட்டார். "பாய், பகல்ல அவ உங்ககோடத்தான இருக்கறா. கணக்கு நீங்கதான் வெச்சுக்கணும். ஒளிக்கப்படாது." ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டறைக்கு எதிர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தருவதாகப் பேச்சு. மறுநாள் காலையில் புவனா என் ஜன்னலுக்கு வந்தார். "அவரு உங்களத்தான் வேவு பாக்க வெச்சிருக்கறாருன்னு தெரியுமுங்க பாய். தப்பில்ல. எனக்குக் கொஞ்சம் சீட்டும் டேப்பும் வேணும்." அன்று மத்தியானம் அவருடைய டிபன் டப்பாவிலிருந்து நெய் விட்ட, எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதம் பாதி என் தட்டுக்கு வந்தது.

ஆக நான் இரண்டு பக்கமும் சாப்பிட்டேன். துரோகம் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பேரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். பன்னைத் தின்று முடித்த பிறகு சொன்னேன், அவ்வளவுதான்.

புவனா கேட்ட சாமான்கள் இவை: மோட்டாருக்குள் தடுப்பாக வைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் சீட், போர்வெல் கேபிளை ஒட்டுப் போடும் கறுப்பு ரப்பர் டேப், சுருளைக் கட்டும் காட்டன் நாடா. அந்த டேப் லேசுப்பட்டது இல்லை. இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும். எண்ணூறு அடித் தண்ணீரின் அழுத்தத்தையே தாங்கும், ஐப்பசி மழை எந்த மூலைக்கு? இரண்டு நாள் மத்தியான இடைவேளையில் தொப்பி தயாரானது. நெற்றிக்கு ஒரு நீட்டல், காதைச் சுற்றி இறுக்கம், தாடைக்குக் கீழே நாடா முடிச்சு. பார்வைக்கு இட்லிக் குண்டா மூடி மாதிரி இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. லேத் ஓட்டும் கண்ணையா சொல்லிவிட்டார்.

எங்கள் பட்டறையிலிருந்து எதுவும் டெஸ்ட் ஆகாமல் வெளியே போகாது. தொப்பியும் போகவில்லை. சுற்றிய ஸ்டேட்டரை முக்கி வைக்கும் தொட்டியில் தொப்பியை மல்லாத்திக் கிண்ணம் போல மிதக்கவிட்டு, உள்ளே திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடியும், தாழ்ந்து உட்காரக் கனத்துக்கு ஒரு பழைய பேரிங்கும் வைத்தோம். மறுநாள் காலையில் முதலாளியே வந்து பனியன் வேஸ்ட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஈரமே இல்லீங்க" என்றார். எல்லோரும் கைதட்டினோம். ஏதோ கப்பலைக் கடலில் இறக்கியது போல ஒரு பெருமை.

அதற்கடுத்த நாள் நல்ல மழை. எட்டே முக்காலுக்கு புவனா தொப்பியோடு வந்தார். நாங்கள் வாசலிலேயே நின்றிருந்தோம். நாடாவை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

தலை நனைந்திருந்தது. நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். "காதோரம் ஏறுதுங்க" என்றார் கண்ணையா. "நடு மண்டைல தையல் விட்டிருக்குது" என்றார் முதலாளி. எனக்கு டேப் மேல் சந்தேகம், பழைய ஸ்டாக் ஆகிவிட்டதோ என்று. எங்கள் தொழிலில் உள்ளே ஈரம் என்றால் எங்கோ கசிவு என்றுதான் அர்த்தம். அதைத் தேடிக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். வேறு மாதிரி யோசிக்க எங்களுக்குத் தெரியாது.

ஒரு வாரம் கசிவைத் தேடினோம். தையலுக்கு மேல் இன்னொரு சுற்று டேப். காதோரத்தில் ரப்பர் வளையம். பின் கழுத்தில் ஒரு பட்டை. தொட்டியில் மறுபடி மறுபடி டெஸ்ட். ஒவ்வொரு தடவையும் பனியன் வேஸ்ட் மொறுமொறுவென்று வரும். ஒவ்வொரு தடவையும் புவனாவின் தலை முன்னைவிட அதிகமாக நனைந்து வரும். தண்ணீருக்கு எங்களைக் கண்டால் இளக்காரம் என்று கண்ணையா சத்தியம் செய்தார். வெள்ளிக்கிழமை புவனா இரண்டு முறை தும்மினார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு டீ குடித்தார். சனிக்கிழமை பேக்கரியில் கிருபாசங்கர், "தும்முனாளா பாய்?" என்றார்.

"ரெண்டுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அடுத்தடுத்தா?"

"நடுவுல ஒரு டீ வந்துருச்சுங்க."

அவர் டீ கிளாஸையே வெறுப்பாகப் பார்த்தார்.

உண்மையில் புவனா அந்த வாரம் பயந்துதான் போயிருந்தார். என் ஜன்னலில் வந்து நின்று, "போயிரும் போலத்தான் இருக்குதுங்க பாய்" என்றார். எண்ணிக்கையில் ஒருநாளும் தப்பாதவர் அன்றைக்கு ஒரு காடியில் இரண்டு சுற்றுக் கூட்டிச் சுற்றி, பிரித்து மறுபடி சுற்றினார். எனக்கு அது பொறுக்கவில்லை. இன்னும் ஒரு சுருள் டேப்பை எடுத்து நீட்டினேன். அதைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டு இருந்தது. மழை வரும் என்று நம்பித் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வரவில்லை. காமராஜர் ரோடு முழுக்கக் காய்ந்து கிடந்தது. பட்டறைக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார். தலை தொப்பலாக நனைந்திருந்தது.

கண்ணையா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தரையைத் தொட்டுப் பார்த்தார். புவனா தொப்பிக்குள் விரலை விட்டுத் தடவி, விரலை நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்குது" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வாரமாக நாங்கள் எட்டுப் பேர், மொத்தம் நூற்றைம்பது வருட அனுபவம், ஒரு பொம்பளையின் வியர்வையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வெளித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. உள் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. முதலாளி மெதுவாகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிக்கிறாரா வெட்கப்படுகிறாரா என்று தெரியவில்லை.

புவனா சிரிக்கவில்லை. ஸ்டேட்டர் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "நாம இதுக்குள்ள தண்ணியத் தடுக்கறதே இல்லீங்களே பாய்" என்றார். "நாமளே தண்ணிய ஊத்தித்தான அனுப்பறோம். கம்பிய மட்டுந்தான காப்பாத்தறோம். உள்ள தண்ணி ஓடிட்டே இருக்கறதால சூடு ஏறாம இருக்குது. என்ற மண்டைக்குள்ள ஓடறதுக்கு என்ன இருக்குது சொல்லுங்கொ."

"மூளைங்களா?" என்றேன்.

"காத்துங்க."

அன்றைக்கு அவர் டேப் கேட்கவில்லை. வேறு வகை மோட்டாரில் சுருள் வெளியே வராமல் காடியில் செருகும் மூங்கில் குச்சி ஒரு கட்டு கேட்டார். புதுத் தொப்பியை அகலமாக வெட்டினார். உள்ளே மூங்கில் குச்சிகளை வளைத்து ஒரு வளையம் கட்டி, அது மட்டும் தலையில் உட்காரும்படியும், சீட்டு இரண்டு விரல்கடை மேலே எழும்பி நிற்கும்படியும் செய்தார். முன்னால் நீட்டலுக்கு அடியில் காற்று நுழையும், பின்னால் கழுத்துக்கு மேலே வெளியேறும். வளையம் தலையைப் பிடித்திருப்பதால் தலை திரும்பும் பக்கம் தொப்பியும் திரும்பும். வேகமாக மிதித்தால் உள்ளே ஜிலுஜிலுவென்று இருக்கிறதாம். இது தொட்டி டெஸ்ட்டில் நிச்சயம் தோற்றிருக்கும். அதனால் நாங்கள் டெஸ்ட் செய்யவில்லை.

முதல் மழையில் காய்ந்த தலையோடு வந்தார். இரண்டாவது மழையிலும் அப்படியே. கார்த்திகை பிறந்து மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பஸ்ஸில் வந்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், குடை கொண்டுவந்த நான், எல்லோரும் தும்மினோம். புவனா மட்டும் ஹோப்ஸ் சிக்னலைக் கடந்து, கல்லூரிப் பிள்ளைகள் போனை நீட்டிப் படம் எடுக்க, இட்லிக் குண்டா மூடிக்குக் கீழே சிரித்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை பேக்கரியில் நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பன் மட்டும் வந்தது. கிருபாசங்கர் பேச்சுக் குறைந்து போனார். அவருக்குப் பேச்சுக் குறைந்தால் நிலைமை மோசம்.

கார்த்திகை தீபத்தன்று கணக்கு முடிகிறது. தீர்ப்புச் சொல்ல என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். சாயங்காலம் தொழுகை முடித்து, குடையோடு சிங்காநல்லூர் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஏற்றி வைத்த அகல்கள் எல்லாம் அணைந்து, நந்திதா அவற்றை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு மாதிரி திருட்டுக் களை.

"பாய் மாமா, அம்மா கடைக்குப் போயிருக்கறாங்க. அப்பா சமையக்கட்டுல இருக்கறாருங்க."

"எதுக்கு?"

"சமைக்கறாராம்."

இருபத்துநாலு வருடத்தில் அந்த மனிதர் அடுப்புப் பற்ற வைத்ததில்லை என்பது பட்டறைக்கே தெரியும். நான் கதவோரம் போய்ப் பார்த்தேன். கிருபாசங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இரும்புச் சட்டியில் வரமிளகாயை வறுத்துக்கொண்டிருந்தார். ஒரு மிளகாய் இரண்டு மிளகாய் இல்லை. இரண்டு கை நிறைய. ஜன்னல் சாத்தியிருந்தது. பக்கத்தில் ஒப்புக்கு வெங்காயம் நாலாக வெட்டி, அரிசியும் பருப்பும் ஊறப் போட்டிருந்தார். யாராவது கேட்டால் சாதம் ஆக்குகிறேன் என்று சொல்லத் தயாராக.

"இது அழுகுணி ஆட்டமுங்க" என்றேன்.

"சமைக்கறது தப்புங்களா பாய்?" என்றார், துண்டுக்குள்ளிருந்து.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. புவனா தொப்பியோடு உள்ளே காலை வைத்தார். மிளகாய் நெடி கூடம் முழுக்க நிறைந்திருந்தது. நந்திதா தாவணியால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு இருமல்.

புவனா தும்மினார்.

"ஒண்ணு" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல்.

மறுபடி தும்மினார்.

"ரெண்டு!" கிருபாசங்கர் கரண்டியோடு வெளியே ஓடிவந்துவிட்டார். புவனா முகத்தை மேலே தூக்கினார். மூன்றாவது மூக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது, எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய கண்கள் என்னைப் பார்த்தன. இரண்டு மாதம் பாதி டப்பாச் சாதம் சாப்பிட்டவன் நான். என்ன செய்வேன்? அப்போது புவனா ஒரு விரலைத் தூக்கினார். எண்ணும்போது தூக்குவாரே, அதே விரல். எல்லோரும் அப்படியே நின்றோம். அவர் திரும்பி, வந்த வழியே நடந்து, நட்ட நடு வாசலில், கொட்டுகிற மழையில் போய் நின்றார்.

தொப்பிக்கு மேல் மழை சடசடவென்று அடித்தது. நாலு பக்கமும் தண்ணீர் வழிந்தது. அடியில் அவர் கண்ணை மூடி, நிதானமாக மூச்சு இழுத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். விரல் கீழே இறங்கியது.

"போயிருச்சுங்க" என்றார்.

கிருபாசங்கர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மூக்கில் சுற்றிய துண்டு நழுவியிருந்தது. பிறகு அவர் போட்ட தும்மல்களை நான் பதினொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். நந்திதா போய் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தாள். வந்து, போனைப் பார்த்துப் படித்தாள். "அப்பா சைக்கிளைப் பத்தி இந்த ஜென்மத்துல வாயைத் தொறக்கக் கூடாது."

அவர் கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் இரண்டும் சிவந்து, மூக்கில் தண்ணீர்.

"சைக்கிளைப் பத்திப் பேசல" என்றார். "என்னையப் பத்திப் பேசலாமில்ல? காத்தால எட்டேகாலுக்கு நீ போயிர்ற. பாப்பா காலேஜுக்குப் போயிர்றா. ஒம்பது மணிக்கு பேப்பர் முடிஞ்சுருது. பொழுது சாயற வரைக்கும் எனக்கு என்ன வேலை இருக்குது, நீயே சொல்லு. கொண்டுபோய் உட்டுக் கூட்டிட்டு வாரது ஒரு வேலையாச்சேன்னுதான் அந்த வண்டியவே வாங்குனேன். சீக்கிரமா வந்து கேட்டுல நின்னேன்னு சொன்னீங்க. ஊட்டுல நிக்கறதுக்கு அங்க நிக்கலாமேன்னு வந்தேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாலேமுக்கால் ஹார்னுக்கு நான் இரண்டு தடவை ஜன்னல் வழியாகத் திட்டியிருக்கிறேன். இப்போது என்னவோ போல இருந்தது.

புவனா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதே ஆணியில் அந்தப் பழைய தொப்பி, நாங்கள் ஒரு வாரம் அடைத்து அடைத்து வைத்தோமே, அதுவும் தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறைக்குள் போய்ச் சட்டியைப் பார்த்தார். ஊற வைத்த அரிசியைக் கிளறிப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். வெளியே வந்தார்.

"அளவு சரியாத்தான் போட்டிருக்கறீங்க. மொளகா மட்டும் அஞ்சு போதும்" என்றார். "வெங்காயத்தப் பொடுசா வெட்டோணும். வாங்க, மிச்சத்தையும் செஞ்சு முடிங்க."

"நானா?"

"நாளைக்கிருந்து மத்தியானம் பன்னெண்டரைக்கு எனக்குச் சுடச்சுடச் சாப்பாடு பட்டறைக்கு வரோணும். காத்தால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டப்பா கட்டி, ஆறிப்போனதத் தின்னு தின்னு சலிச்சுப்போச்சு. நீங்கதான் ஆக்கறீங்க, நீங்கதான் ஸ்கூட்டர்ல கொண்டு வாரீங்க. பேப்பர் முடிஞ்சா நேரஞ் செரியா இருக்கும்."

கிருபாசங்கர் என்னைப் பார்த்தார். நான் தீர்ப்புச் சொல்ல வந்தவன். "ஞாயமுங்க" என்றேன். என் பங்கு அரிசியும் பருப்பும் சாதம் இனி எப்படி இருக்குமோ என்ற கவலையோடுதான் சொன்னேன்.

முதல் நாள் அடிப் பிடித்த சாதம். இரண்டாம் நாள் உப்பில்லை. மூன்றாம் நாள் ரசம் வந்தது. அதை நாங்கள் ரசம் என்று ஒப்புக்கொண்டோம். பத்தாவது நாள் நல்ல மழை. பன்னிரண்டரைக்கு ஹார்ன் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹெல்மெட்டை வீட்டில் மறந்துவிட்டு, தலை முழுக்க நனைந்து, சட்டையெல்லாம் ஒட்டிக்கொள்ள, கிருபாசங்கர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் டிபன் கேரியர் நின்றது. அதன் தலையில் புவனாவின் பழைய தொப்பி. தாடை நாடாவைக் கேரியரின் அடித்தட்டோடு சேர்த்து அவர் முடிச்சுப் போட்டிருந்தார்.

பெஞ்சில் வைத்துத் தொப்பியை எடுத்ததும் ஆவி மேலே எழுந்தது. சாதம் அடுப்பிலிருந்து இறக்கியது போலக் கொதித்தது. உள்ளே வராது, வெளியே போகாது என்று நாங்கள் கேலி செய்த தொப்பி. கண்ணையா தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாதத்தில் மிளகாய் அளவாக இருந்தது. வெங்காயம் பொடியாக இருந்தது. வாயில் வைத்ததும் புவனா தலையை ஆட்டினார். கிருபாசங்கருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஈரத் தலையோடு எதிரில் நின்று, ஹோப்ஸ் சிக்னலில் என்ன நடந்தது என்று ஆரம்பித்துவிட்டார்.

பாதியில் நிறுத்தினார். முகம் மேலே போனது. ஒரு தும்மல். துடைத்துக்கொண்டார். இன்னொன்று. உடனே, பட்டறை அதிர மூன்றாவது.

புவனா இன்னொரு வாய்ச் சாதத்தை உருட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"எண்ணிக்கிட்டீங்களா பாய்?"